உத்திரத்தின் நுனியைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் இடித்த பழைய வீட்டின் பர்மா தேக்கு உத்திரங்கள் எட்டு, மலிவாக வருகின்றன. மாடியில் ஓட்டுக் கொட்டகை போட வாங்கலாமா? கடைக்காரர் நூறு வருஷம் தாங்கிய மரம் என்கிறார், எங்கள் ஆசாரி தலையைச் சொறிகிறார். கடலூர் முதுநகரில் உடைத்த படகின் பலகையும் கிடைக்கிறது, சமையலறை அலமாரிக்கு ஆகுமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: நூறு வருஷம் தாங்கியிருக்கும், சரி. ஆனால் மெட்ராஸ் டெரஸ் வீட்டில், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய வீட்டில், உத்திரத்தின் இரண்டு நுனியும் சுவருக்குள் செருகியிருக்கும். மழையில் ஊறிய சுவரிலிருந்து ஈரமும் கரையானும் ஏறுவது அந்த ஒரு முழத்தில்தான், நடுமரம் வைரம் பாய்ந்து இரும்பு மாதிரி நிற்கும்போதே நுனி உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள், சுத்தியலால் தட்டுங்கள். பொக்கென்று கேட்டால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ள வேண்டும், அப்போது 12 அடி மரம் 10 அடியாகிவிடும், அது உங்கள் அறை அகலத்துக்கு எட்டுமா என்று அளந்துவிட்டு விலை பேசுங்கள். அடிப்பக்கத்தில் நடுவில் பழைய மூட்டுக்காகக் குடைந்த பள்ளம் இருந்தால் கூரைக்கு வேண்டவே வேண்டாம், பாரம் ஏறும்போது அங்கேதான் விரியும். 2011-இல் அடித்த ‘தானே’ புயலைப் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், கொட்டகைக்குப் பாரம் மட்டுமா கணக்கு, காற்று தூக்கவும் தூக்கும். உளுத்த நுனியில் போல்ட் பிடிக்காது.

ஆசாரி தயங்குவது ஆணிக்காக இருக்கும். ஒரு பழைய நிலைச் சட்டத்தை நான் அறுவை மில்லுக்குக் கொண்டுபோய், உள்ளே தலை உடைந்து கிடந்த ஆணியில் பிளேடின் பல் போய், சட்டத்தின் விலையைவிட அதிகம் தண்டம் அழுதிருக்கிறேன். காந்தம் ஓட்டினால் மேலாக இருப்பது மட்டும் சிக்கும்.

பழைய பெயிண்ட் இருந்தால் தீ காட்டிச் சுரண்டாதீர்கள், காய்ந்தபடி உப்புத்தாள் போட்டும் தேய்க்காதீர்கள். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கும் என்று யார் கண்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி கூடாது.

படகுப் பலகை அலமாரிக்கு ஆகாது. உப்பு ஏறிய மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அடிக்கிற ஆணி துருப்பிடிக்கும். சிப்பி ஒட்டாமலிருக்க அடிப்பாகத்தில் செம்பு கலந்த நச்சுப் பெயிண்ட் வேறு பூசுவார்கள், அரிசி வைக்கும் இடமா அது? தோட்டத்துப் பெஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உத்திரத்தை மட்டும் விடாதீர்கள், கூரைக்குத் தேறாததைக் கதவு, ஜன்னலுக்கு அறுத்துக்கொள்ளலாம். எட்டில் எத்தனை தேறும் என்று ஆசாரியையே கடைக்கு அழைத்துப் போய்ப் பொறுக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் கூலி கொடுத்தால் போச்சு.