ஸ்கேன் மெஷினா, ஜெனரேட்டரா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நன்கொடை தருமுன்

கேள்வி: எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து 4 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் மெஷின் வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேன் செய்யும் இடத்துக்குப் பதிவு வேண்டும், பார்ப்பவருக்குத் தகுதி வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் மெஷின் உறை போட்டபடியே கிடக்கும்.

உலக அளவிலும் இதே சிக்கல்தான். எய்ட்ஸ், மலேரியா என்று நோய்வாரியாகப் பணம் கொட்டியது. மருந்து வந்து இறங்கிய பல நாடுகளில் அதைக் கொடுக்க நர்ஸ் போதவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சேவை, பணியாளர், தகவல், மருந்து, நிதி, நிர்வாகம் ஆகிய ஆறையும் சேர்த்தே பலப்படுத்தச் சொன்னது.

உங்கள் ஊருக்கு என் யோசனை, கரண்ட் போனாலும் தடுப்பூசிக் குளிர்பெட்டி ஓட ஒரு ஜெனரேட்டர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்தபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். சூடு மட்டும் எதிரி இல்லை. கரண்ட் போன பதற்றத்தில், கல் போல உறைந்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி எடுத்துச் செல்லும் கேரியர் பெட்டியில் அடுக்கினால் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகள் உறைந்து வீரியம் போய்விடும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். குளிர்பெட்டியில் அடிப்பகுதிதான் அதிகக் குளிர் என்பதால் இந்தத் தடுப்பூசிகளை மேல் கூடையில் வைப்பார்கள்.

முதலில் மருத்துவ அலுவலரிடம் வெப்பநிலைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் எழுதியிருக்கிறதா, கரண்ட் எத்தனை முறை, எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே ஜெனரேட்டர் இருந்து ஓடாமல் கிடந்தால் புதிது வாங்காதீர்கள், பழுது பாருங்கள். பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும், இல்லையென்றால் டீசல் கெட்டிருக்கும். புதிதாக வாங்கினால் வெள்ளம் ஏறாத உயரத்தில் மேடை கட்டி வையுங்கள், குளிர்பெட்டிக்குத் தனி ஸ்டெபிலைசர் போடுங்கள். ஒரு லட்சத்தைத் தொடாமல் டீசலுக்கும் சர்வீஸுக்கும் ஒதுக்குங்கள். நன்கொடையாளர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

பணத்தைத் தனி ஆள் கையில் கொடுக்காமல் சுகாதார நிலையத்தின் நிதியைக் கவனிக்கும் நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கில் செலுத்தி, எதற்கென்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். கொடுப்பவர்களில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் இருந்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் வராது. இரண்டையும் கலக்காதீர்கள். வாரம் ஒருமுறை குளிர்பெட்டியை இணைத்தே ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே சர்வீஸ் முடிந்திருக்கட்டும்.