‘விடுங்கப்பா, நீங்களே சொல்லிடுங்க’

கேள்வி: எனக்கு வயது 47. போன வாரம் இரவு சாப்பிடும்போது என் மகள் (வயது 15) பள்ளிப் பேருந்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். வழக்கம்போல நான் நடுவில் இரண்டு மூன்று முறை பேசிவிட்டேன் போலிருக்கிறது. “விடுங்கப்பா, நீங்களே சொல்லிடுங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “இப்பத்தான் உங்களுக்குத் தெரியுதா?” என்கிறாள் மனைவி. யாரையும் மட்டம் தட்டுவதற்காக நான் பேசுவதில்லை. ஆர்வத்தில்தான் வாய் திறக்கிறேன். கலகலப்பானவன் என்றுதான் இத்தனை நாள் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இந்த வயதில் இதை மாற்றிக்கொள்ள முடியுமா? இல்லை, இதுதான் என் சுபாவம் என்று வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துப் போக வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகள் சொன்னது இருக்கிறது, மனைவி சொன்னது இருக்கிறது, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்ததுகூட இருக்கிறது. பேருந்தில் என்ன நடந்தது என்பது மட்டும் இல்லை. ‘ஏதோ ஒன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சொல்ல வந்தது உங்களிடம் வந்து சேரவே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான்.

ஆர்வத்தில்தான் பேசுகிறேன் என்கிறீர்கள். நம்புகிறேன். பதில் முந்திக்கொண்டு நாக்கு நுனிக்கு வருவது உங்களுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று 10 மொழிகளில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே அரை விநாடிக்கு மேல் ஆகும். அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே நாம் எல்லோரும் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம் என்றுதானே அர்த்தம்? பதில் தயாராவதில் தவறில்லை. தயாரானதும் கதவைத் திறந்துவிடுவதில்தான் பிரச்சினை.

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் மேலதிகாரி பேசும்போது நடுவில் புகுவீர்களா? உங்களைவிடப் பெரிய மனிதர் ஒருவர் ஒரே கதையை நாலாவது முறையாகச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், இல்லையா? அப்படியென்றால் பொறுமை உங்களிடம் இருக்கிறது. யாரிடம் அதைச் செலவழிப்பது என்பதில்தான் நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். இதை உங்களைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. பேச்சை மறிப்பது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கித்தான் போகிறது. அதிகாரி ஊழியரை, ஆண் பெண்ணை, பெரியவர் சிறியவரை, சரளமாகப் பேசுகிறவர் தடுமாறிப் பேசுகிறவரை. உலகத்தில் நூற்றில் ஒருவருக்குத் திக்குவாய் இருக்கிறது. உதவுவதாக நினைத்து அவர்களுடைய வாக்கியத்தை நாம் முடித்து வைப்போம். அவர்களுக்கு வேண்டியது அதுவல்ல, இன்னும் சில விநாடிகள்தான். அதைக் கொடுப்பதைத்தான் நான் மரியாதை என்பேன். எழுந்து நிற்பதும் வணக்கம் வைப்பதும் அதற்கு அப்புறம்தான். எனவே சுபாவம் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் மாறுவதை எப்படிச் சுபாவம் என்பது?

இதை எழுதும் எனக்கும் ஒரு பாக்கி உண்டு. பல வருடங்களுக்கு முன், தாயை இழந்திருந்த ஒரு தோழியைப் பார்க்கப் போனேன். “கடைசி நாள் காலைல அம்மா என்னைக் கூப்பிட்டு...” என்று அவள் தொடங்கினாள். ஆறுதல் சொல்லும் அவசரத்தில் நான், “எங்க அம்மாவும் அப்படித்தான்...” என்று ஆரம்பித்துவிட்டேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவளுடைய அம்மா கூப்பிட்டு என்ன சொன்னார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது, “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்றுவிட்டாள். நல்ல எண்ணத்தோடுதான் பேசினேன். அந்த நல்ல எண்ணத்தால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அந்தக் கைக்குட்டையை என்னால் மறக்க முடியவில்லை.

எல்லாக் குறுக்குப் பேச்சும் தப்பு என்று சொல்ல மாட்டேன். நெருங்கிய நண்பர்கள் கூடினால் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுவார்கள், அது சந்தோஷம். ஆபத்து என்றால் கத்தித்தான் ஆக வேண்டும். ஒருவரே ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டால் யாராவது நிறுத்தத்தான் வேண்டும். நீங்கள் புகுந்த பிறகு எதிரில் இருப்பவர் இன்னும் உற்சாகமாகப் பேசுகிறாரா, இல்லை சுருங்கிப் போகிறாரா என்று பாருங்கள். அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

47 வயதில் மாற முடியுமா? முடியும். ஆனால் ‘இனி நன்றாகக் கேட்கப் போகிறேன்’ என்று பொதுவாகத் தீர்மானம் எடுத்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னைத் திருத்திக்கொள்ள நினைத்து முதலில் 12 நற்குணங்களைப் பட்டியல் போட்டார். ஒரு நண்பர் அவரிடம் நேருக்கு நேராகச் சொன்னார்: உனக்குக் கர்வம் அதிகம், விவாதத்தில் நீ சொல்வது சரியாக இருந்தால் மட்டும் உனக்குப் போதவில்லை, எதிராளியை அமுக்கப் பார்க்கிறாய் என்று. ஃபிராங்க்ளின் கோபப்படாமல் பணிவை 13ஆவதாகச் சேர்த்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு, சறுக்கிய ஒவ்வொரு முறையும் சின்ன நோட்டில் ஒரு கரும்புள்ளி வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லை’ போன்ற சொற்களைத் தன் பேச்சிலிருந்தே விலக்கினார். முழுமையை எட்டவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும் முயன்றதால் முன்னைவிட நல்லவனானேன் என்கிறார். அவருக்கு அந்த நண்பர் வாய்த்ததைப் போல உங்களுக்கு மகள் வாய்த்திருக்கிறாள். 15 வயதுப் பிள்ளை அப்பாவின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறாள் என்றால், உங்கள் வீட்டில் அவளுக்குப் பயம் இல்லை. அதற்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

உங்களுக்கு 13 வேண்டாம், ஒன்று போதும். எதிரில் இருப்பவர் நிறுத்தியதும் ஒரு மூச்சு இழுத்து விடுங்கள், பிறகு பேசுங்கள். நிறுத்தியவர் முடித்துவிட்டார் என்று அர்த்தமில்லை, சொல் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு மூச்சுக்குள் அவரே மேலே தொடர்வதை நீங்கள் எத்தனையோ முறை பார்ப்பீர்கள். நடுவில் புகுந்துவிட்டால் நீளமாக மன்னிப்புக் கேட்காதீர்கள், அது மறுபடி உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும். “நீ சொல்லு, பஸ்ல ஏறினே, அப்புறம்?” என்று விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். அப்படி எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் அதுவரை சொன்னதைக் கவனித்திருக்க வேண்டுமே! நம் மொழியில் காதால் கேட்பதற்கும் வினா எழுப்புவதற்கும் ஒரே சொல்தான், ‘கேள்’. முதலாவதைச் செய்தவருக்குத்தான் இரண்டாவது சரியாக வரும்.

மகளிடம் இன்றே பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். அவள் தனியாக இருக்கும்போது, “அன்னைக்கு நீ சொல்ல வந்ததை நான் முழுசா கேக்கலம்மா. இப்ப சொல்றியா?” என்று மட்டும் கேளுங்கள். “மறந்துபோச்சு” என்பாள், பெரும்பாலும். வற்புறுத்தாதீர்கள், முகம் வாடாதீர்கள். சில நாள் கழித்து அவளாகவே வேறு எதையாவது தொடங்குவாள். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தாலும் ‘தெரியும்’ என்று சொல்லாதீர்கள்.

பேருந்தில் என்ன நடந்தது என்று என்றாவது அவள் சொன்னால், அவள் சம்மதித்தால், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.