கட்டைவிரல் கடுக்கிறதா? முதலில் கிட்டாரை அளந்து பாருங்கள்

கேள்வி: வயது 38. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்கக் கீபோர்டு. நான்கு மாதமாக ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். விரல் நுனி எரிச்சல் அடங்கிவிட்டது. ஆனால் எஃப் கார்டு (ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளை ஒருசேர அழுத்தும் பிடி) வருகிற பாட்டை இருபது நிமிடம் வாசித்தால் இடது கட்டைவிரலின் அடிச்சதை கடுக்கிறது, மணிக்கட்டும் இறுகிப்போகிறது. "வலிக்க வலிக்கத்தான் கை பழகும்" என்கிறார் மாஸ்டர். தொடரலாமா?

பதில்: மாஸ்டர் சொல்வது விரல் நுனித் தோலுக்குப் பொருந்தும், சதைக்கும் மூட்டுக்கும் பொருந்தாது. நுனித் தோல் சில வாரங்களில் காய்த்துவிடும். (காய்த்ததை உரிக்காதீர்கள். பாத்திரம் கழுவிய கையோடு வாசிக்க உட்காராதீர்கள். ஊறிய தோலில் கம்பி சுருக்கென்று இறங்கும்.) கட்டைவிரல் அடியில் வரும் கடுப்பு வேறு. நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, நீங்கள் இடுக்கி மாதிரி நெரிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஏன் நெரிக்கிறீர்கள்? பல நேரம் தப்பு கையில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது. விலை குறைந்த கிட்டார்களில் பல, கம்பி உயரமாகவேதான் கடைக்கு வருகின்றன. வாங்கும்போது பை இலவசமா என்று கேட்போமே தவிர, செட்டப் செய்து (கம்பி உயரத்தைச் சரிப்படுத்தி) தருவீர்களா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். 12-வது ஃப்ரெட்டின் மேல்பக்கத்துக்கும் தடித்த ஆறாவது கம்பியின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? சுமார் 2.5 மி.மீ. இருந்தால் சரி. மெல்லிய முதல் கம்பிக்கு 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆறாவது கம்பி 3 மி.மீ.யைத் தாண்டினால் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பிரிட்ஜில் (கிட்டார் உடலில் கம்பிகளை மாட்டியிருக்கும் கட்டை) கம்பிகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைச் சேடிலை எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்துத் தருவார். சேடிலில் 1 மி.மீ. குறைத்தால் 12-வது ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்கும். நெக் வளைந்திருந்தால் அதை முதலில் நிமிர்த்திவிட்டுத்தான் சேடிலில் கைவைப்பார். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, கம்பி கொஞ்சம் எழும்புவதும் உண்டு.

எஃப் மட்டும் உயிரை வாங்குகிறது என்றால் நட்டையும் பாருங்கள். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பட்டைதான் நட்டு. ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு சந்து தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரு தாள் கனம் இருந்தால் போதும். பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. இதற்குத் தனி அரம் வேண்டும், வீட்டில் முயல வேண்டாம். ஒரு இழுப்பு கூடிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் மோதி அதிரும்.

அடுத்தது கம்பி. இப்போது 12 செட் போட்டிருந்தால் 10-க்கு மாறுங்கள். முதல் கம்பி 0.012 அங்குலத்திலிருந்து 0.010 ஆகும்போது அதன் இழுவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. அதோடு ஒரு அரைச்சுரம் இறக்கி ட்யூன் செய்தால் இன்னொரு 11 சதவீதம் போகும். சேர்ந்து பாட வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள், சுருதி பழையபடி வந்துவிடும். கம்பி மெலிந்தால் ஒலியும் கொஞ்சம் மெலியும்தான். வீட்டில் வாசிப்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனி கைக்கு வருவோம். ஒரு விரலைக் கம்பியின் மேல் சும்மா தொட்டபடி வைத்து, வலக்கையால் மீட்டுங்கள். 'டப்' என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் கரகரக்கும், பிறகு ஒரு கட்டத்தில் சுத்தமாக ஒலிக்கும். அங்கேயே நில்லுங்கள். இதுவரை நீங்கள் கொடுத்துவந்த அழுத்தத்தில் பெரும்பகுதி வீண் என்பது அப்போது தெரியும். இதையே ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து ஒருமுறையும், இரண்டு ஃப்ரெட்டுக்கு நட்டநடுவில் வைத்து ஒருமுறையும் செய்து பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே புரியும். இடக்கை நகம் நீண்டிருந்தால் விரல் படுத்துக்கொள்ளும், ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கட்டைவிரல் நெக்குக்குப் பின்னால், நடுவிரலுக்கு எதிராகச் சாய்ந்திருந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் கார்டு பிடித்தபடியே கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வலது முன்கை கிட்டாரின் உடலை மார்போடு அணைத்திருக்க, இடது முழங்கை தன் கனத்தால் லேசாகப் பின்னுக்கு இழுத்தாலே பெரும்பாலான கார்டுகள் ஒலிக்கும். கிட்டார் வழுக்கி நெக் கீழே சரிந்தால் இடக்கை அதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று பொருள். உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் மாட்டுங்கள். நெக் நுனி சற்று மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு தானாக நேராகும்.

எஃப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டியதில்லை. ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மட்டுமே அதன் பொறுப்பு. நடுவில் உள்ள மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாக லேசாக உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தால் அமர்த்துங்கள். கார்டு மாறுகிற இடைவெளியில் கையைத் தளர்த்துங்கள். கை சரியாகும்வரை முதல் நான்கு கம்பியில் பிடிக்கும் சின்ன எஃப் போதும்; அது ஏமாற்று வேலை இல்லை.

ஆகவே வாசிப்பதைத் தொடரலாம், வலியைத் தாங்கிக்கொண்டு தொடர வேண்டாம். இருபது நிமிடத்தை ஏழெட்டு நிமிடத் துண்டுகளாக்குங்கள். கடுப்பு ஆரம்பித்ததும் கையை இறக்குங்கள். விரல் மரத்துப்போவது, ராத்திரியில் கூச்சமெடுத்து எழுப்புவது, விரல் மடங்கி டக்கென்று மாட்டிக்கொள்வது, ஓய்வு கொடுத்தும் வலி போகாதது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அவரிடம் கிட்டாரை மட்டும் சொல்லி நிறுத்தாமல் கீபோர்டு வேலையையும் சொல்லுங்கள். இரண்டும் அதே தசைநாண்களைத்தான் வேலை வாங்குகின்றன.