அப்பா கையெழுத்துதான் வேண்டுமா?

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 16 வயது. அவளுக்குத் தாய் இல்லை, அண்ணன் வெளிநாட்டில் வேலை. ஐந்து வருடமாக என் வீட்டில்தான் வளர்கிறாள். நாள் தள்ளிப்போய் மூன்று மாதம் ஆகிவிட்டதாக இப்போதுதான் சொல்கிறாள். கர்ப்பம் வேண்டாம் என்று அழுகிறாள். ஒரு தனியார் மருத்துவமனையில், ‘அப்பா வந்து கையெழுத்துப் போடணும், எஃப்ஐஆர் காப்பியும் வேணும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தையான நான் கையெழுத்துப் போட முடியாதா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: தாராளமாகப் போடலாம். 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய, கார்டியன் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும் என்றுதான் 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் சொல்கிறது. கார்டியன் என்றால் அந்தப் பெண்ணைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். ஐந்து வருடமாக அது நீங்கள்தானே? கையெழுத்திட வேண்டியது ‘சி’ படிவத்தில். பெயர், வயது, முகவரி, எங்கே சிகிச்சை என்பவற்றோடு முடிந்துவிடும் ஒரு பக்கத் தாள் அது. அதில் எஃப்ஐஆர் எண்ணுக்கு இடமே கிடையாது.

அதற்காக அவள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாளை அவளே மனம் மாறி ‘பெற்றுக்கொள்கிறேன்’ என்றால், உங்கள் கையெழுத்தை மட்டும் வைத்துக் கலைக்க முடியாது. கர்ப்பமானவரின் சம்மதமே முதன்மை என்று 2024-இல் ஒரு 14 வயதுச் சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். அவள் விரும்பிப் பழகியிருந்தாலும் 18-க்குக் கீழ் என்பதால் போக்சோ பொருந்தும். தகவல் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு, விஷயம் தெரிந்த உங்களுக்கும் உண்டு. ஆனால் ‘எஃப்ஐஆர் வந்தால்தான் தொடுவோம்’ என்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. அவளும் நீங்களும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடலாம். விரும்பிப் பழகிய சிறார்களை மனதில் வைத்து 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இது. பல மருத்துவர்களுக்கே தெரியாது, எடுத்துச் சொல்லுங்கள். மிரட்டலோ கட்டாயமோ நடந்திருந்தால் மட்டும் பெயரோடு புகார் கொடுப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸார் சீருடையில் வரக் கூடாது. அவளை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.

இனி நாள் கணக்கு. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டாக்டர்கள் கணக்கிடுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. நாள் தள்ளி மூன்று மாதம் என்றால் 16, 17 வாரம் ஆகியிருக்கும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-இலிருந்து 24 வரை இருவர் வேண்டும். சிறுமிகளுக்கு இந்தக் கூடுதல் கெடு உண்டு. அதைத் தாண்டினால், உயிராபத்தோ கருவில் பெரிய குறையோ இல்லாதபட்சத்தில், உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். 12 வாரம் வரை மட்டுமே அனுமதி உள்ள கிளினிக்குகளும் உண்டு என்பதால், நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஆரம்ப வாரங்களுக்கானது. இந்த மாதத்தில் வீட்டில் போட்டால் பாதி கலைந்து, பாதி உள்ளே தங்கி, ரத்தப்போக்கு நிற்காமல் போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் 108-ஐ அழையுங்கள்.

வழக்கு நடக்குமானால், கலைத்த திசுவை டிஎன்ஏ சோதனைக்கு எடுத்து வைப்பார்கள். அதை ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டுப்போகும், சலைனில் அலசி ஐஸில் வைக்க வேண்டும். மருத்துவரிடம் முன்கூட்டியே நினைவூட்டுங்கள். யாராவது மறுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கும் சிறார்களுக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.