நாலு இனமும் சேர்ந்தால் ராஜாவும் வெல்லும்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு உவர்மலையில். பௌர்ணமிப் போயா இரவுகளில் ஐந்தாறு பேர் விறாந்தையில் கூடி ‘முந்நூற்றி நாலு’ என்ற கடதாசி (சீட்டு) ஆட்டம் விளையாடுவோம். கொரியாவில் வேலை செய்யும் என் மனைவியின் தமையன் லீவில் வந்திருக்கிறார். போன போயாவுக்கு ‘பதூகி’ என்று ஒரு போக்கர் ஆட்டத்தைக் காட்டித் தந்தார். “ஆகச் சின்னக் கடதாசி வைத்திருக்கிறவர் வெல்வார், மூன்று தரம் மாற்றலாம்” என்றுதான் சொன்னார். எனக்கு இஸ்கோப்பன் ஆசு, ஆட்டின் 2, கிளாவர் 3, கிளாவர் 4. இதைவிடச் சின்னக் கை ஏது என்று மூன்று தரமும் ஒன்றையும் மாற்றாமல் இருந்தேன். மச்சான் முதல் தரம் ஒன்றை மாற்றினார், பிறகு மாற்றவில்லை. காசை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார். விரித்தால் அவரிடம் 8, 10, ஜாக், ராஜா! “நாலும் நாலு இனம், எனக்குத்தான்” என்று 1,850 ரூபாயையும் அள்ளினார். நான் கடதாசிகளை அவர் மடியில் எறிந்துவிட்டு எழும்பிவிட்டேன். இரண்டு கிழமையாக எங்களுக்குள் கதையில்லை. மனைவி நடுவில் கிடந்து அழுகிறாள். அடுத்த போயா முடிய அவர் திரும்பிப் போகிறார். அவர் என்னை ஏமாற்றினாரா?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, அந்தக் கை அவருக்குத்தான். அதில் ஏமாற்று இல்லை.

பதூகியில் சின்னக் கடதாசி என்பது இரண்டாவதாகப் பார்க்கிற விஷயம். முதலில் பார்ப்பது, நாலு கடதாசியும் நாலு இனமா (இஸ்கோப்பன், ஆட்டின், கிளாவர், டைமன் என்று இனத்துக்கு ஒன்றா), நாலும் வேறு வேறு இலக்கமா என்பதை. ஒரே இனத்தில் இரண்டு இருந்தால் பெரியது கணக்கில் வராது. உங்கள் கிளாவர் 4 அப்படித்தான் விழுந்துபோனது. மிஞ்சியது ஆசு, 2, 3 என்ற மூன்று கடதாசிக் கை. மூன்று கடதாசிக் கைகளுக்குள் அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலு அமைந்த கை எதுவானாலும், 10, ஜாக், ராணி, ராஜா என்ற ஆகக் கடைசிக் கையானாலும், மூன்றை வென்றுவிடும். இரண்டு பேருக்கும் நாலு அமைந்தால்தான் பெரிய கடதாசியிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டு வந்து, யாருடையது சின்னது என்று பார்ப்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான நாயைக் கொரிய மொழியில் பதூகி என்பார்கள். நாலு இனமும் கலந்து கிடக்கிற கையை அந்த நாயாக நினைத்துக்கொண்டால் விதி மறக்காது.

அப்படி நாலு இனமும் பகிரும்போதே கையில் வந்து விழுவது ஏறக்குறைய பதினாறு தரத்துக்கு ஒரு தரம்தான். அதனால்தான் மூன்று முறை மாற்ற விடுகிறார்கள். நீங்கள் கிளாவர் 4ஐ எறிந்திருந்தால் உங்களுக்கு வேண்டியிருந்தது 4 தொடக்கம் ராஜா வரைக்கும் ஏதாவது ஒரு டைமன். பத்துக் கடதாசி. ஒரு தரம் எடுத்தால் ஐந்தில் ஒன்று வாய்ப்பு. மூன்று தரமும் எடுத்தால் பாதிக்குப் பாதி. அதில் எது வந்திருந்தாலும், டைமன் ராஜாவே வந்திருந்தாலும், மச்சானின் கை தோற்றிருக்கும். முந்நூற்றி நாலு விளையாடிப் பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடாது. ஜாக்கையும் ஒன்பதையும் தலையில் வைத்திருக்கிற ஆட்டத்திலிருந்து வந்தவர் நீங்கள்.

ஆனால் மச்சானிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பதூகி தெரிந்தவர்கள் நடுவில் ஒருவர் மூன்று தரமும் ஒன்றும் மாற்றாமல் இருந்தால், ‘என்னிடம் நாலும் அமைந்துவிட்டது’ என்று அவர் சொல்வதாகத்தான் அர்த்தம். ராஜா வைத்திருக்கிறவர் அதைப் பார்த்துப் பயப்படவேண்டும். அமைந்த கைகளுக்குள் ராஜா வைத்த கை ஆகத் தாழ்ந்தது. உங்கள் மச்சானோ பயப்படாமல் காசை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். துணிந்து ஆடியிருக்கலாம். அல்லது உங்களுக்கு விதி விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்கலாம். இரண்டாவதுதான் என்றால் எனக்கு அது பிடிக்கவில்லை. விதியைப் பாதி சொல்லிவிட்டு முழுக் காசையும் எடுப்பது, அதுவும் தங்கச்சியின் வீட்டில், சரியில்லை.

எனக்கு முந்நூற்றி நாலு பழக்கியது அப்பா. முதல் நாள் முழுக்க என் எட்டுக் கடதாசியையும் பாயில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். தன்னுடையதையும் நிமிர்த்தி வைத்தார். நான் பிழையாக ஒன்றைத் தொட்டால் “ஏன் அதை?” என்று கேட்பார், நான் காரணம் சொல்லும்வரை காத்திருப்பார். இரண்டாம் நாள்தான் கடதாசியை மறைத்துப் பிடிக்க விட்டார். புது ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறவருக்கு அந்தக் கடமை இருக்கிறது. மச்சான் அதைச் செய்யவில்லை.

நீங்கள் செய்ததும் பிழைதான். கடதாசியை ஒருவர் மடியில் எறிவது முகத்தில் அடித்த மாதிரி. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள், இந்தக் கிழமைக்குள்ளேயே, போயாவரை வைத்திருக்க வேண்டாம். போனில் வேண்டாம், நேரே போங்கள். “எறிந்தது பிழை மச்சான், எனக்கு விதி விளங்கவில்லை” என்றால் போதும். அந்த 1,850 ரூபாயைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அவராகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்து இன்னொரு சண்டை தொடங்க வேண்டாம்.

பிறகு, போயாவுக்குப் பதூகியே விளையாடுங்கள். வேறு ஆட்டத்துக்குப் போனால் இந்தக் கசப்பு அப்படியே நின்றுவிடும். முதல் ஐந்தாறு கையைத் திறந்து வைத்து ஆடச் சொல்லிக் கேளுங்கள், மச்சானே ஒவ்வொரு கையையும் விளங்கப்படுத்தட்டும். உங்கள் மனைவியையும் இருத்துங்கள். காசு வேண்டாம், ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை எண்ணிக் கொடுத்தால் ஏற்றுகிற சுவையும் இருக்கும், யாரும் வெறுங்கையோடு எழும்பவும் மாட்டார்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். முந்நூற்றி நாலுக்கு 7 தொடக்கம் ஆசு வரை 32 கடதாசிதானே எடுப்பீர்கள். 2 தொடக்கம் 6 வரை உள்ள இருபதும் பெட்டிக்குள் புதுசாகவே கிடந்திருக்கும். மற்றவை கைபட்டு, உப்புக்காற்றுப் பட்டு, ஓரம் நைந்து போயிருக்கும். பதூகியில் ஆசுக்கு அடுத்தபடி அந்த இருபதும்தான் பெறுமதியான கடதாசிகள். முதுகைப் பார்த்தே யார் கையில் எத்தனை சின்னக் கடதாசி என்று சொல்லிவிடலாம். அந்தப் பழைய கட்டை எடுக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிற வழியில் கடையில் ஒரு புதுக் கட்டு வாங்கிக்கொண்டு போய், உறை பிரிக்காமல் மச்சானின் கையில் கொடுங்கள்.