இலக்கணம் முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 24. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஆங்கிலமும் சிங்களமும்தான். தமிழில் கட்டுரை எழுத ஆசை. பிழை வருமோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்திவிடுகிறேன். முதலில் இலக்கணத்தை முழுதாகப் படிக்கவா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: வேண்டாம் தங்கச்சி. அப்படிக் காத்திருந்தால் எழுதவே மாட்டீர்கள். நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பிழைகளும் இல்லை; இரண்டு மூன்றுதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இந்த வரியைப் பாருங்கள்:

“பஸ்ஸில் ஒரு வயதான பெண் ஒருவர் என்னை பார்த்து சிரித்தாள்.”

‘ஒரு’, ‘ஒருவர்’ இரண்டும் எதற்கு? ஒன்று போதும். ‘ஒருவர்’ என்றால் ‘சிரித்தார்’ என்றே முடிய வேண்டும். ‘என்னை’ என்பதில் ஐ உருபு இருக்கிறது, ஆகவே ‘என்னைப் பார்த்து’. அப்புறம், பார்த்து, கேட்டு, எடுத்து என்பவற்றின் பின் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொல் வந்தால் ஒற்று மிகும், அதாவது நடுவில் க், ச், த், ப் சேரும். வந்து, செய்து, நின்று என்பவற்றின் பின் மிகாது. ‘கேட்டுச் சொன்னார்’, ‘வந்து சொன்னார்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுக்கும்.

“பஸ்ஸில் வயதான பெண் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.”

சரி, பிழை போய்விட்டது. ஆனால் என் மனக்குறை வேறு. அவர் ஏன் சிரித்தார்? கையில் என்ன வைத்திருந்தார்? எந்தத் தரிப்பில் இறங்கினார்? ஒன்றும் இல்லை, அடுத்த வரியிலேயே மனிதநேயம் பற்றிய அறிவுரை தொடங்கிவிடுகிறது. விடுபட்ட ஒற்றெழுத்தைப் பத்திரிகையில் ஒப்புநோக்குபவர் போட்டுவிடுவார். நீங்கள் கவனிக்காமல் விட்டதை யாராலும் போட முடியாது.

ஆகவே ஒரு கொப்பி வாங்கி, தினமும் காலி வீதியில் கண்ணில் பட்ட ஒன்றைப் பத்து வரியில் எழுதுங்கள். அறிவுரை மட்டும் கூடாது. எழுதும்போது இலக்கணத்தை நினைக்காதீர்கள்; மறுநாள் வாசித்துத் திருத்துங்கள். ஒரு வாரம் ஐ உருபை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

‘நல்ல எழுத்தாளராக வேண்டும்’ என்ற இலக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதை எந்தத் திகதியில் எட்டினோம் என்று சொல்ல முடியாது. மாத முடிவுக்குள் 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி ஒரு ஞாயிறு வாரவெளியீட்டுக்கு அனுப்புவது என்று வையுங்கள்.

சந்தேகம் வந்தால் ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தைப் புரட்டுங்கள். சூத்திரம் மனனம் செய்யத் தேவையில்லை, உரைநடையிலேயே விளக்கியிருக்கிறார். உங்கள் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.