வீட்டு ஒயினின் செய்முறைக்கு அரசு ஒப்புதல் வாங்கி விற்க முடியுமா?

கேள்வி இது: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினை பாட்டிலில் அடைத்து விற்க, அதன் செய்முறைக்கு அரசிடம் ஒப்புதல் வாங்க வழி உண்டா? அமெரிக்காவில் அப்படித் தருகிறார்களாமே?

தமிழ்நாட்டில் வீட்டளவில் செய்து விற்க வழியில்லை. காரணம் செய்முறையில் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஊறுகாய், சிப்ஸ், கருப்பட்டி மிட்டாய் செய்கிறவர்களுக்கு உணவு உரிம விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. நவம்பர் பிறந்தாலே ஒயின் பற்றி விசாரிக்க ஆள் வந்துவிடும். கருங்கல் பக்கத்து அக்கா ஒருவர், "ஊறுகாய்க்கு லைசன்ஸ் எடுத்துத் தந்தேல்லா தம்பி, அதிலேயே ஒயினையும் சேத்துப் போட்டா போராதா?" என்று கேட்டார். கையில் ஒரு நோட்டுத் தாள். கறுப்புத் திராட்சை, சீனி, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. பரணி ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, 21 நாள் கழித்து வடிகட்ட வேண்டும் என்று அவருடைய அம்மா எழுதி வைத்தது.

போராது. மதுவைப் பொறுத்தவரை அரசு இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. குடித்தால் உடம்புக்கு ஆபத்து உண்டா என்று கேட்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். இதைச் செய்ய உனக்கு அனுமதி உண்டா என்று கேட்பது மாநில அரசு. அரசியலமைப்பில் போதை தரும் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் முதல் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இரண்டாவதில் தேறாமல் போகலாம்.

முதல் கேள்விக்கான விடை, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டு மதுபான விதிமுறைகளில் இருக்கிறது. ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஒயின் உடம்புக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்றெல்லாம் லேபிளில் எழுதக் கூடாது.

வாசனைப் பொருளில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பட்டையும் கிராம்பும் சமையலறைப் பொருள்கள். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் 'மூலிகை ஒயின்' போட நினைத்த ஒருவர், சீரணத்துக்கு நல்லது என்று வசம்பும் சேர்க்கலாமா என்று கேட்டார். வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் இந்திய விதிகளில் தடை செய்யப்பட்ட வாசனைப் பொருள்களில் ஒன்று. அமெரிக்காவிலோ வசம்பையே உணவில் சேர்க்கக் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதெல்லாம் பாட்டிலுக்குள் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்க விஷயமும் பாதிதான் உண்மை. அங்கே கருவூலத் துறையின் கீழ் மது, புகையிலைக்கென்று ஒரு அமைப்பு உண்டு. வாசனையோ நிறமோ சேர்த்த பல வகை மதுவுக்கு என்னென்ன, எவ்வளவு, எந்த முறையில் என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே லேபிளுக்கு விண்ணப்பிக்க முடியும். வெறும் திராட்சை ஒயினுக்குப் பொதுவாக அது தேவைப்படாது. சொந்த உபயோகத்துக்கு என்றால், மத்தியச் சட்டப்படி வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது 380 லிட்டர் அளவுக்கு ஒயின் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது.

நம் ஊரில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் 'மது' என்பதற்குள் ஒயின், கள் எல்லாம் அடக்கம். உரிமம் இல்லாமல் செய்வதே குற்றம். வீட்டுக்கு மட்டும்தான் என்று சொன்னாலும் சலுகை கிடையாது. கோயில் திருப்பலிக்கான ஒயினுக்குத் தனி விதிகளும் உரிமமும் உண்டு. அதைக் காட்டி நாமும் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே சட்டத்தின் கூர்மையை எங்கள் மாவட்டத்துப் பனையேறிகள் தினமும் பார்க்கிறார்கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது அக்கானி, அதாவது பதனீர். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் பெருக முடியாது, இனிப்பு அப்படியே நிற்கும். தடவாமல் விட்டால் சொட்டத் தொடங்கியதிலிருந்தே புளிக்கும். நாலைந்து சதவீத ஆல்கஹாலோடு அது கள். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குப் போனால் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. பழ ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்குக் கேரளம் 2022-ல் தனி விதிகளே கொண்டுவந்தது.

பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. என்ன கலந்திருக்கிறது என்று அரசு பார்த்தே ஆக வேண்டும். அதனால்தான் எனக்கு ஆதங்கம். பழத்திலிருந்து புளிக்கவைக்கும் ஒயினையும் மரத்திலிருந்து இறக்கும் கள்ளையும் ஆய்வகத்தில் சோதித்து, அளவு நிர்ணயித்து, சிறு உரிமம் கொடுக்க முடியும். பெரிய ஆலைகளின் சரக்கை அரசே கடை வைத்து விற்கும்போது, பனையேறிக்கும் அந்த அக்காவுக்கும் விண்ணப்பிக்க ஒரு படிவம்கூட இல்லாதது நியாயமாக எனக்குப் படவில்லை.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? அந்த அக்காவுக்குத் திராட்சை ஸ்குவாஷ் போடச் சொன்னேன். புளிக்கவைக்காததால் அது உணவு உரிமத்திலேயே அடங்கும். 'ஆல்கஹால் இல்லாத ஒயின்' என்று பெயர் போட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்ததை விற்க மட்டும் நினைக்காதீர்கள். சீனியும் ஈஸ்ட்டும் சேர்ந்து சில நாள் இருந்தாலே 0.5 சதவீதம் தாண்டிவிடும். ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். அப்புறம் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது மதுதான்.